பிரிக்கக் கூடாத பொட்டலம்

மே 10, வெள்ளி

இந்த டைரி, நூல் மில்காரர்கள் புது வருஷத்துக்குத் தம்பிக்குக் கொடுத்தது. அவனுக்கு இதுபோல ஏழெட்டு வரும், ஒன்றை எனக்குத் தருவான். பக்கத்தின் தலைப்பில் எங்கள் குலதெய்வம் செல்லாண்டியம்மன் பேரை இருபத்தேழு தடவை எழுதுவேன். மீதி இடத்தை வீணாக்க மனசு வராது. அன்றன்றைக்கு நடந்ததை எழுதி வைத்துவிடுவேன். வாயால் பேசியது போக மிச்சம் இருப்பதும் கொஞ்சம் அல்ல.

இன்று பெரிய விஷயம். தம்பி நாச்சிமுத்துவின் மகள் மிருதுளாவுக்கு ஜெர்மனியில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்துவிட்டது. எங்கள் வீடு மாடியில், தம்பியின் பனியன் கம்பெனி கீழே. நான் செக்கிங் மேஜையில் உட்கார்ந்து குழந்தைப் பனியன்களுக்குப் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தேன். தடதடவென்று படியிறங்கி வந்து போனை என் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"அத்தை, கெடச்சிருச்சு."

"என்ன கண்ணு எழுதியிருக்குது? எனக்கு இங்கிலீசு எங்க தெரியுது."

"இது இங்கிலீசு இல்லீங்கத்தை, ஜெர்மன். இதுவும் உங்களுக்குத் தெரியாது. ரெண்டும் ஒண்ணுதான், சும்மா பாருங்க."

பார்த்தேன். அவள் பேர் மட்டும் புரிந்தது. துணி இன்ஜினியரிங்கில் அவள் காலேஜிலேயே முதல். இரண்டு வருஷமாக ஞாயிறுதோறும் கோயம்புத்தூருக்கு பஸ் ஏறிப் போய் அந்தப் பாஷையைப் படித்தாள். ஜெர்மனி எனக்கும் தெரியாத ஊர் இல்லை. என் வீட்டுக்காரர் தவறி நான் இங்கே வந்த பதினாறு வருஷமாக, அந்த ஊர் பேர் அடித்த சீட்டைத்தான் அட்டைப்பெட்டிமேல் ஒட்டிக்கொண்டிருக்கிறேன். நான் பிசிறு வெட்டிய பனியனை அங்கே ஏதோ ஒரு குழந்தை போட்டுக்கொண்டு எச்சில் வடித்துக்கொண்டிருக்கும்.

அவளுடைய பாஸ்போர்ட்டை வாங்கி அம்மன் படத்தின் காலடியில் வைத்து நெய்விளக்குப் போட்டேன்.

மத்தியானம் சாப்பிடும்போது அப்பனிடம் சொன்னாள். தம்பி "ம்" என்றான். அவன் சம்சாரம் கோகிலா தயிர் ஊற்றினாள். போதும் என்று கை காட்டுகிறவன் இன்றைக்குக் காட்டவில்லை. தட்டு வழிந்து மேஜையெல்லாம் தயிர்.

மே 12, ஞாயிறு

அயர்லாந்திலிருந்து சஞ்சீவ் போனில் முகம் காட்டிப் பேசினான். மிருதுளாவின் அண்ணன். இளைத்திருக்கிறான். பகலில் எம்.பி.ஏ., சாயங்காலம் ஏதோ கடையில் பெட்டி அடுக்குகிறானாம். இங்கே ஒரு பெட்டியைத் தூக்கச் சொன்னால் இடுப்பு வலி என்பான்.

அவன் போனபோது நான்கு பேப்பர் பாக்கி இருந்தது. ஏஜென்சிக்காரர் எல்லாவற்றையும் சரிக்கட்டினார். ஐநூறு பேருக்கு மண்டபத்தில் சாப்பாடு. கிளம்பும்போது வாசலில் நின்று "போறேன் அத்தை" என்றான். போறேன் என்று சொல்லிப் போனால் திரும்பி வரமாட்டார்கள் என்பார்கள். மறுபடி வீட்டுக்குள் வரவழைத்து, தண்ணீர் குடிக்க வைத்து, "போயிட்டு வர்றேன்னு சொல்லு சாமி" என்று சொல்ல வைத்துத்தான் அனுப்பினேன். நல்லபடியாக இருக்கிறான் என்றால் அதனால்தான்.

தங்கச்சிக்கு இடம் கிடைத்ததைச் சொன்னேன். "அங்கயா? ஒரே குளிருங்கத்தை, அவளால முடியாது" என்றான். அவன் கழுத்தில் மூன்று சுற்றுத் துணி.

மே 17, வெள்ளி

கிரைண்டர் கல் தேய்ந்துவிட்டது. மாவு நைஸாக வரவில்லை. கோயிலுக்குப் போய் வந்தேன்.

மே 23, வியாழன்

தம்பி செக்கிங் மேஜைக்கு வந்து எனக்கு எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தான். அப்படி உட்கார்கிறவன் இல்லை.

"அக்கா, ஒரு நல்ல எடம் வந்திருக்குது மிருதுளாவுக்கு. எக்ஸ்போர்ட்காரர் வீடு. அவிக ஆர்டர்லதான் நம்ம மிசினு பாதி ஓடுது."

"பையன் என்ன படிச்சிருக்கறான்?"

"அமெரிக்காவுல எம்.பி.ஏ."

"அப்ப நம்ம புள்ளையும் ஜெர்மனில படிச்சுட்டு வந்துட்டா சரிக்குச் சரியா இருக்குமல்லோ."

தம்பி சிரித்தான். "சரிக்குச் சரி வேண்டாம்னுதானக்கா நம்ம வீட்டுக்கு வர்றாங்க."

நான் பிசிறு வெட்டிக்கொண்டே இருந்தேன். அவன் ஒரு பனியனை எடுத்துத் தையலை இழுத்து இழுத்துப் பார்த்தான்.

"நாமளா வேண்டாம்னு சொன்னா புள்ள மூஞ்சியில முழிக்க முடியாதுக்கா. அம்மன்கிட்டப் பூக் கேட்டர்லாம். வெள்ளை வந்தாப் போகட்டும். செவப்பு வந்தா நிக்கட்டும்."

"கேக்கலாம். நல்லதுதான்."

எழுந்து போனவன் திரும்பி வந்தான். "பொட்டலத்த நீங்களே கட்டீருங்கக்கா. அம்மா கட்டுனாப்பல."

எங்கள் அம்மா பூப் பொட்டலம் கட்டுவதில் நல்ல கைக்காரி. அதைத்தான் சொல்கிறான். கத்தரிக்கோல் முனை விரலில் பட்டுவிட்டது. மஞ்சள் வைத்தேன்.

மே 24, வெள்ளி

பூக் கேட்பது எங்கள் பக்கத்தில் வழிவழியாக இருப்பது. வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று. ஒரே அளவு இலையில், ஒரே மாதிரி வாழைநாரில், ஒரே மாதிரி கட்டி அம்மன் பாதத்தில் வைப்பார்கள். ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை சரி என்று அர்த்தம், சிவப்பு வேண்டாம் என்று அர்த்தம். எடுக்காமல் விட்ட இன்னொரு பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது. அப்படியே கோயில் கிணற்றில் போட்டுவிட வேண்டும். பிரித்தால் கண் போய்விடும் என்று அம்மா சொல்வாள்.

எனக்கும் கேட்டார்கள். பத்தாவதில் நானூற்றுப் பன்னிரண்டு மார்க் வாங்கியிருந்தேன். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அதுவரைக்கும் யாரும் வாங்கியதில்லை. தலைமை டீச்சரம்மா வீட்டுக்கே வந்து, ஈரோட்டு ஹாஸ்டலில் சேர்த்தால் இந்தப் பெண் டீச்சராகிவிடுவாள் என்று சொன்னார். அம்மா, அம்மனிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றாள். பதினாலு வயசுத் தம்பி போய்ப் பூப் பறித்து வந்தான். அம்மா கட்டினாள். நானேதான் எடுத்தேன். சிவப்பு. அடுத்த தையில் கல்யாணம்.

இரண்டு வருஷம் கழித்துத் தம்பியைப் பாலிடெக்னிக்கில் சேர்த்தார்கள். அதற்குப் பூக் கேட்கவில்லை. ஆண் பிள்ளைக்கு எதற்கு. சஞ்சீவுக்கும் கேட்கவில்லை.

அம்மன் எனக்குக் கொடுத்தது இதுதான். குறை சொல்லக் கூடாது.

ஜூன் 7, வெள்ளி

மிருதுளாவிடம் பூக் கேட்கப்போகிற விஷயத்தைச் சொல்லும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது சொன்னேன்.

"ஏனுங்கத்தை, அம்மனுக்கு விசா ஆபீஸ்லயா வேலை குடுத்திருக்கீங்க?"

"அப்படியெல்லாம் பேசாத கண்ணு."

"அண்ணனுக்குக் கேட்டீங்களா?"

"அவன் பையன்."

"நாலு அரியரு வெச்சிருந்தான். அவனுக்குத்தான் கேட்டிருக்கணும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். பிறகு ஈரத் துண்டை உதறிக் கொடியில் போட்டாள்.

"சரி, கேளுங்க. இருபத்தெட்டாந்தேதி எனக்கு விசா இன்டர்வியூ. பணப் பொறுப்புக்கு அப்பா கையெழுத்து இல்லாம போக முடியாது. பூவுன்னா பாதிக்குப் பாதி. இந்த வீட்டுல எனக்கு இவ்வளவு பெரிய சான்ஸ் இதுக்கு முன்னாடி வந்ததே இல்லீங்கத்தை."

"அம்மன் நல்லதுதான் சொல்லுவா."

"பொட்டலம் யாரு கட்டறது?"

"நாந்தான்."

"அப்பச் சரி" என்றாள்.

ஜூன் 13, வியாழன்

நாளைக்குக் கோயில். அரிசி ஊறப்போட்டேன். தேங்காய், பழம், கற்பூரம் எடுத்து வைத்தாயிற்று. பூக்காரியிடம் செவ்வரளி வாங்கினேன். வெள்ளைக்கு நம் வாசலிலேயே நந்தியாவட்டை இருக்கிறது. காலையில் பறித்தால் போதும்.

ஜூன் 14, வெள்ளி

எங்கள் சொந்த ஊர்க் கோயிலுக்குக் காரில் போனோம். தம்பி, கோகிலா, மிருதுளா, நான். மிருதுளா தலைக்குக் குளித்து, அவள் அம்மாவின் அரக்குச் சேலையைக் கட்டியிருந்தாள். வழியெல்லாம் ஜெர்மன் பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டே வந்தாள்.

பூசாரி நான் கட்டிய பொட்டலம் இரண்டையும் அம்மன் பாதத்தில் வைத்து, தீபாராதனை காட்டினார். "யாரு எடுக்கறதுங்?" என்றார். தம்பி மகளைக் காட்டினான். "அவளே எடுக்கட்டும். நாளைக்கு யாரையும் குத்தம் சொல்ல வேண்டாம் பாருங்."

அவள் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. இரண்டையும் நன்றாகப் பார்த்தாள். இடது பக்கம் இருந்ததை எடுத்தாள். அவளே நாரை அவிழ்த்தாள்.

செவ்வரளி.

தம்பி கன்னத்தில் போட்டுக்கொண்டான். கோகிலா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். மிருதுளா அந்தப் பூவைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள், அடியில் வேறு ஏதாவது இருக்கிற மாதிரி.

"அந்த இன்னொண்ணு?" என்றாள்.

"அதையப் பிரிக்கக் கூடாது கண்ணு" என்றேன்.

பூசாரி அதை என் கையில் கொடுத்தார். கிணற்றடிக்குப் போனேன். கிணற்றின்மேல் இரும்பு வலை போட்டு மூடிவிட்டார்கள். போன வருஷம் ஆடு விழுந்துவிட்டதாம். திரும்பி வரும் வழியில் நொய்யல் ஆற்றில் போட்டுவிடலாம் என்று தம்பி பாலத்தில் காரை நிறுத்தினான். சாயத் தண்ணீர் நுரை கட்டி நிற்கிறது. அம்மன் பாதத்தில் இருந்த பூவை அதில் போட மனசு வரவில்லை. ஆடிப் பதினெட்டுக்குப் பவானி கூடுதுறை போவேன், அங்கே போட்டுவிடலாம் என்று வீட்டுக்குக் கொண்டுவந்து சாமி அலமாரியில் படத்துக்குப் பின்னால் வைத்தேன்.

சாயங்காலம் வாசல் தெளிக்கப் போனால் நந்தியாவட்டைச் செடி நிறையப் பூ. ஒன்றுகூடக் குறையவில்லை. பறித்து மாலை கட்டி அம்மன் படத்துக்குப் போட்டேன்.

ஜூன் 21, வெள்ளி

தம்பி பாஸ்போர்ட்டை அம்மன் காலடியிலிருந்து எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டினான். சாவி எங்கே என்று மிருதுளா என்னிடம் கேட்டாள். உங்கப்பனைக் கேள் என்றேன்.

ஜூன் 28, வெள்ளி

இன்றைக்குத்தான் அவளுக்கு விசா இன்டர்வியூ இருந்திருக்க வேண்டும். காலையில் குளித்துத் தயாராகிக் கீழே கம்பெனி ஆபீஸில் போய் உட்கார்ந்தாள். பிடித்த ரவா கிச்சடி செய்தேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. சாப்பிட்டாள். அதுதான் எனக்கு என்னவோபோல இருந்தது.

ஜூலை 12, வெள்ளி

ஜெர்மனிக்காரர் ஒருவர் ஆர்டர் விஷயமாகக் கம்பெனிக்கு வந்தார். மிருதுளா அவர் பாஷையிலேயே பேசினாள். அவர் எழுந்து நின்று கை கொடுத்தார். தம்பிக்குப் பெருமை தாங்கவில்லை. அவர் போனபிறகு மாடிக்கு வந்து, "நம்ம புள்ள பேசறதக் கேட்டு ஆளு அசந்து போயிட்டாரு. ரெண்டு வருசம் படிச்சது வீண் போகுல" என்றான்.

மிருதுளா கை கழுவிக்கொண்டிருந்தாள். "அவரு மக அந்தக் காலேஜுலதானாம்பா. உங்க பொண்ணு ஏன் வரலைன்னு கேட்டாரு."

"என்ன சொன்ன?"

"சாமி விசா தரலைன்னேன். அவருக்குப் புரியல."

ஜூலை 14, ஞாயிறு

எக்ஸ்போர்ட்காரர் வீட்டிலிருந்து சொந்தபந்தத்தோடு ஒறம்பரையாக வந்து பெண்ணைப் பார்த்துவிட்டுப் போனார்கள். பன்னிரண்டு பேர். மாப்பிள்ளையின் அம்மா நல்ல மாதிரி, என்னைப் போலவே பக்தி. "படிச்ச புள்ளதா வேணும்னு பையன் ஒத்தக் கால்ல நின்னானுங். கல்யாணத்துக்குப் பொறவு வேணும்னா தபால்ல படிச்சுக்கட்டும், நாங்க ஒண்ணும் தடுக்கறவங்க இல்லீங்" என்றார். நானே சுட்ட அதிரசம் இரண்டு சாப்பிட்டார்.

அவர்கள் வழக்கத்தில் பெண் வீட்டுக் குலதெய்வத்திடம் பூக் கேட்டுத்தான் நிச்சயமாம். ஆடி போகட்டும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப் பதினெட்டு. கூடுதுறைக்குப் போகப் பையை எடுத்து வைத்துக்கொண்டு படத்துக்குப் பின்னால் கைவிட்டேன். பொட்டலம் இல்லை. அலமாரி முழுக்கத் தேடினேன். எலி இழுத்துப் போயிருக்கும்.

எலிதான்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

எலி இல்லை.

மத்தியானம் கோகிலா தூங்கிக்கொண்டிருந்தாள். நான் புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தேன். மிருதுளா வந்து எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒரு காகிதத்தைப் பிரித்து வைத்தாள். உள்ளே சருகாகிப் போன இலை. அதற்குள் காய்ந்த செவ்வரளி. காய்ந்தாலும் நிறம் தெரிந்தது.

"பிரிச்சா கண்ணு போயிரும்னீங்க. எனக்கு நல்லாத்தான் தெரியுது."

என் கையெல்லாம் புளி. எங்கே துடைப்பது என்று தெரியவில்லை.

"எப்ப எடுத்த?"

"அன்னைக்கு சாயங்காலமே. செடியில அத்தனை பூவையும் பாத்தேன். காலையில நீங்க ஒண்ணுமே பறிக்கலைன்னு தெரிஞ்சுது." கத்தவில்லை. கணக்கு வாத்தியார் மாதிரி ஒவ்வொன்றாகச் சொன்னாள். "உங்களுக்குப் பூக் கேட்டாங்களே அத்தை, அந்த இன்னொரு பொட்டலம் எங்க போச்சு?"

"கெணத்துல."

"யாரு போட்டாங்க?"

"அம்மா."

"நீங்க பிரிச்சுப் பாத்தீங்களா?"

நான் அடுத்த புளியை எடுத்துக் கொட்டையை நோண்டினேன்.

"ரெண்டு மாசமா நீங்களா வந்து சொல்லுவீங்கன்னு பாத்தேன்" என்று எழுந்தாள். பொட்டலத்தை எடுத்துக்கொள்ளவில்லை. புளிக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டுப் போனாள்.

எனக்கு எதுவும் தெரியாமல் இல்லை. அன்றைக்குத் தம்பி பறித்துக்கொண்டு வந்த கூடையில் செவ்வரளி மட்டும்தான் இருந்தது. பார்த்தேன். பதினாறு வயசில் பார்த்ததை நினைத்துப் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன். மே மாசம் "அம்மா கட்டுனாப்பல" என்று அவன் சொன்னபோது இரண்டும் ஒரே நிமிஷத்தில் புரிந்துவிட்டது. எனக்குச் செய்ததும், நான் செய்ய வேண்டியதும். புரிந்ததை எழுதவில்லை, அவ்வளவுதான்.

நான் என்ன செய்ய முடியும். தம்பி வீட்டுச் சோறு. ஐம்பத்தைந்து வயசுக்குமேல் எங்கே போய் நிற்பேன்.

இந்தப் பக்கத்தின் தலைப்பிலும் அம்மன் பேரை எழுதியிருக்கிறேன். அதனால் இதையும் எழுதுகிறேன். இரண்டாவது பொட்டலத்தில் சிவப்பை வைத்துக் கட்டியபோது எனக்குக் கை நடுங்கவில்லை. நார் நன்றாக இறுகியது. எனக்கு மட்டும் ஏன் என்று நாற்பது வருஷமாகக் கேட்காத ஒரு கேள்வி, எனக்கு மட்டும் இல்லை என்று அன்றைக்குக் கொஞ்சம் ஆறின மாதிரி இருந்தது.

ஆகஸ்ட் 28, புதன்

நாளன்றைக்கு மாப்பிள்ளை வீட்டார் கோயிலுக்கு வருகிறார்கள். தம்பி சமையலறை வாசலில் நின்றான்.

"அக்கா, இந்தவாட்டி ரெண்டும் வெள்ளை."

"சரி சாமி."

ஆகஸ்ட் 30, வெள்ளி

மூன்று காரில் வந்தார்கள். தாம்பாளத் தட்டு ஒன்பது. பூசாரி நான் கட்டிய பொட்டலங்களை அம்மன் பாதத்தில் வைத்தார். மாப்பிள்ளையின் அம்மா கண்ணில் ஒற்றிக்கொண்டு ஒன்றை எடுத்தார். தம்பி சிரித்த முகமாக நின்றான். மிருதுளா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த அம்மா நாரை அவிழ்த்தார். கை அப்படியே நின்றுவிட்டது.

செவ்வரளி.

"இன்னொருக்காக் கேட்டர்லாமுங்" என்றான் தம்பி. குரல் கீச்சென்று வந்தது.

"அம்மன் ஒருக்காச் சொன்னாப் போதாதுங்களா? ஏனுங், சாமிகிட்டப் பேரமா பேசறது?" அந்த அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். நிஜமாகவே பயந்துவிட்டார். பாவம், அவருக்குச் செய்ததும் பாவம்தான். தட்டுகளைத் திரும்பக் காரில் ஏற்றினார்கள்.

தம்பியின் கண் இன்னொரு பொட்டலத்தின் மேலேயே இருந்தது. அத்தனை பேர் முன்னால் அதைப் பிரிக்க முடியாது. இது வெள்ளையாக இருக்க வேண்டியது என்று வாயைத் திறந்து சொல்லவும் முடியாது. நான் அதை எடுத்து, எல்லோரும் பார்க்கக் கற்பூரத் தட்டில் வைத்தேன். பச்சை இலை எரிய நேரமாயிற்று. எரிந்து முடிகிற வரைக்கும் நின்றேன்.

அவிநாசி தாண்டித்தான் தம்பி கண்ணாடியில் என்னைப் பார்த்தான்.

"நான் என்ன சொன்னேன், நீங்க என்ன பண்ணுனீங்க?"

"அம்மா கட்டுனாப்பலதான் கட்டுனேன்" என்றேன்.

மிருதுளா தலையை நிமிர்த்தி முதல்தடவையாக என்னைப் பார்த்தாள்.

செப்டம்பர் 1, ஞாயிறு

தம்பி என்னோடு பேசுவதில்லை. கோகிலா மட்டும் யாரும் இல்லாதபோது, நாத்தனாரை அழைக்கிற முறையில், "நங்கையா, நீங்க செஞ்சது தப்பு. ஆனா சாப்டீங்களா?" என்று கேட்டாள். ஆர்டர் பாதியாகிவிட்டது. ஏழு மிஷின் சும்மா நிற்கிறது.

மிருதுளாவுக்கு இந்த வருஷத்து இடம் போயே போய்விட்டது. அடுத்த வருஷம் முதலிலிருந்து விண்ணப்பம் போட வேண்டுமாம். அவள் ரூமுக்குப் போனேன். அவளுக்காகத்தான் செய்தேன் என்று சொல்லத்தான் போனேன். நன்றி எதிர்பார்த்தேனா என்று தெரியாது. கொஞ்சம் எதிர்பார்த்திருப்பேன்.

"தெரியுமுங்கத்தை, எனக்காகத்தான்" என்றாள். "ஆனா மொதல்வாட்டியும் என்னைக் கேக்கல, இந்தவாட்டியும் கேக்கல. ரெண்டுவாட்டியும் நீங்களே முடிவு பண்ணிட்டு அம்மன் பேரச் சொல்லிட்டீங்க. நான் அதிகமாக் கேட்டனா? பாதிக்குப் பாதிதானே கேட்டேன். ஒருவாட்டியாச்சும் ஒழுங்கா ஒரு வெள்ளை, ஒரு செவப்புக் கட்டியிருக்கலாம்."

வெளியில் வந்து துணி மடித்தேன். மடித்ததையே மறுபடி மடித்தேன்.

செப்டம்பர் 20, வெள்ளி

ரெண்டுவாட்டி சிவப்பு வந்த பெண் என்று ஊரில் பேசுகிறார்களாம். என்னை யாரும் ஒன்றும் சொல்வதில்லை. நான் பக்தியானவள்.

அக்டோபர் 11, வெள்ளி

சரஸ்வதி பூஜை. கீழே மிஷின்களுக்குப் பொட்டு வைத்து, மாடியில் சாமி அலமாரி முன்னால் புத்தகங்களை அடுக்கினோம். தம்பியின் ஆர்டர் புத்தகம், கோகிலாவின் கந்த சஷ்டிப் புத்தகம், மிருதுளாவின் ஜெர்மன் புத்தகம் நான்கு. அதற்குமேல் இந்த டைரி. பொரி, சுண்டல், சந்தனம்.

தீபாராதனைக்கு முன்னால் நான் எழுந்து போய்ப் பீரோவைத் திறந்தேன். சாவி என் இடுப்பில்தான் இருக்கிறது. ஜூன் மாதத்திலிருந்தே இருக்கிறது. "கோகிலா எளகிருவாக்கா, நீங்க வெச்சுக்குங்க" என்று தம்பி கொடுத்தது. இதுவரைக்கும் இதையும் எழுதவில்லை.

பாஸ்போர்ட்டை எடுத்து வந்து அடுக்கின் உச்சியில் வைத்து, சந்தனம் தொட்டு வைத்து, நந்தியாவட்டை ஒன்று போட்டேன்.

தம்பி பார்த்தான். கை முன்னால் வந்தது.

"நாளைக்குக் காலையில வரைக்கும் தொடக் கூடாது சாமி" என்றேன். "பூஜைல வெச்சது."

அது பொய் இல்லை. எங்கள் அம்மா காலத்திலிருந்தே அப்படித்தான். சஞ்சீவின் புத்தகத்தையும் அப்படித்தான் வைத்தோம். தம்பியின் கை அந்தரத்தில் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு கற்பூரத்தை ஒற்றிக்கொண்டது.

டைரி பூஜையில் இருந்ததால் இதை மறுநாள் எழுதுகிறேன்.

அக்டோபர் 12, சனி

விஜயதசமி. நான் எழுந்து வந்தபோது மிருதுளா குளித்துவிட்டு அலமாரி முன்னால் உட்கார்ந்திருந்தாள். புத்தகம் எடுத்துப் படிக்கிற நாள். முதலில் பாஸ்போர்ட்டை எடுத்துச் சந்தனத்தைத் துடைத்துப் பையில் போட்டாள். பிறகு ஜெர்மன் புத்தகத்தில் ஒரு பக்கம் வாய்விட்டுப் படித்தாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. கடைசிவரைக்கும் கேட்டேன்.

பெங்களூரில் துணியைச் சோதிக்கிற ஒரு லேபில் வேலை கிடைத்திருக்கிறதாம், இன்றைக்கே கிளம்புகிறாள். அங்கிருந்தே மறுபடி விண்ணப்பம் போடுவாளாம். கிடைத்தாலும் கிடைக்கும், கிடைக்காமலும் போகும். பாதிக்குப் பாதி. தம்பி கீழே மிஷின் சத்தத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டான். கோகிலா பஸ் நிறுத்தம் வரைக்கும் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனாள்.

மிருதுளா வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்தாள்.

"போறேன் அத்தை."

உள்ளே கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்து, மாற்றிச் சொல்லச் சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. நின்று பார்த்தேன். செடியில் நேற்றுப் பறித்தது போக மிச்சப் பூ நிறைய இருந்தது.